பீரோ இருந்த இடம்

அய்யய்யோ, அதுல உக்காராதேம்மா! நாற்காலிதான், இல்லைங்கல. ஆனா மேல துணி மூடியிருக்கு பாரு, துணிக்கு அடியில தட்டு, தட்டு நெறைய மூவாயிரம் வருஷத்துப் பானை ஓடு. நீ உக்காந்தா உனக்கு வலிக்குமோ இல்லியோ, உங்க சாருக்கு நெஞ்சு வலியே வந்துடும். இப்படி வா, இந்த டிரங்குப் பெட்டி மேல உக்காரு. தாங்கும், தாங்கும், நல்ல கெட்டித் தகரம். பூட்டித்தான் வெச்சிருக்கேன்.

நீ வருவேன்னு சார் எங்கிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சியா? சொல்லியிருப்பாரு. ஆனா எங்கிட்ட சொன்னாரா, அவரு தோண்டற குழியில படுத்திருக்கிற எலும்புக்கூடுகிட்ட சொன்னாரான்னு அவருக்கே நிச்சயமாத் தெரியாது. நீ காலையில போன் பண்ணினப்பதான் எனக்கு விஷயமே தெரியும். பரவால்ல, இன்னிக்கு நான் லீவுதான். ஒரு வேலையா லீவு போட்டேன். எங்க ஆபீஸ் டிரைவர் அண்ணன் வண்டி எடுத்துக்கிட்டு வரேன்னிருக்காரு. அவரு வர்ற வரைக்கும் தாராளமாப் பேசலாம்.

போன்லயே ரெக்கார்ட் பண்ணிக்குவியா? பண்ணிக்கோ. கொஞ்சம் எதிரொலி வரும், கண்டுக்காதே. முன்னெல்லாம் இந்த ஹால் எதிரொலிக்காது.

என்ன தலைப்பு சொன்னே? இல்லத்தரசியின் பார்வையில்? நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பார்சல் ஆபீஸ்ல கவுன்ட்டர்ல உக்காந்து, உள்ள உடையிற சாமான் இருக்கான்னு கேட்டுக் கேட்டே தொண்டை வறண்டு போனவ. அரசி எங்கம்மா இங்க இருக்கா? அரசி ஆத்தங்கரை மேட்டுல, நாலாவது குழியில இருக்கா. நீயும் பாத்திருப்பே. உங்க எல்லாருக்கும் அவ மகாராணிதானே? எனக்கும் அப்படித்தான் அறிமுகம். ஒரு நாள் வீட்டுக்குள்ள நுழையும்போதே, மகாராணி கிடைச்சுட்டான்னு சொன்னாரு. மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். நான் ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன். யாரு என்னன்னு கேட்டப்பறம்தான் செத்து மூவாயிரம் வருஷம் ஆச்சுன்னு சொன்னாரு. சரி, அந்த வயசுக்கு மேல எனக்கு என்ன போட்டின்னு விட்டுட்டேன்.

சிரி, சிரி. மலர்ல போடறப்ப மட்டும் வெட்டிடு. சாருக்கு நீங்க எடுக்கிற பாராட்டு விழா மலர்ல நான் என்ன சொல்லணும்னு எதிர்பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியாதா? அவரது ஒவ்வொரு கண்டுபிடிப்புக்குப் பின்னாலும் நான் நிழலாக நின்றேன். அதானே? எழுதிக்கோ. பொய்யில்ல. நிழல்தான். வெயில் அடிக்கும்போது ஒதுங்கி நின்னுக்குவாரு, சாயங்காலமானா அது எங்க போச்சுன்னு தேடமாட்டாரு.

தப்பா எடுத்துக்காதே, மனுஷன் தங்கம். குடி கிடையாது, சூது கிடையாது, கை நீட்டினது கிடையாது, சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு ஒரு நாள் மூஞ்சி சுளிச்சது கிடையாது. உப்பு இல்லைன்னு தெரிஞ்சாத்தானே சுளிக்க. அந்த ஊர்க்காரங்க எந்தப் பானையில பாலைக் காய்ச்சினாங்க, எதுல மீனைக் கொதிக்க வெச்சாங்கன்னு பானையோட உள்பக்கத்தைச் சுரண்டி மெஷின்ல குடுத்துக் கண்டுபிடிச்சுடுவாரு. காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா, சாப்பிட்டேனான்னு எங்கிட்டயே கேப்பாரு.

கல்யாணமான புதுசுல நடந்ததைச் சொல்லவா? குளியலறைக்குப் போறேன், என் டூத் பிரஷ்ஷைக் காணோம். தேடிக்கிட்டு பின்வாசலுக்கு வந்தா, சாரு குந்திக்கிட்டு, நான் துணி ஊற வைக்கிற பேசின்ல பானை ஓட்டைப் போட்டு, என் பிரஷ்ஷால தேச்சுக்கிட்டிருக்காரு. எவ்வளவு மென்மையாங்கற! பச்சைக் குழந்தைக்குப் பல்லு வெளக்கி விடற மாதிரி. ஏங்க, அது என்னோடதுங்கன்னேன். தலை நிமிராம, இல்லம்மா, இது இரும்புக் காலத்துதுன்னாரு. நான் பிரஷ்ஷைச் சொன்னேன், அவரு ஓட்டைச் சொன்னாரு. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும். ஆனா அப்ப சின்ன வயசு பாரு, சிரிப்புதான் வந்துச்சு. ஊர் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்.

டீ ஆறுது, குடி. எனக்கு வேணாம். டம்ளர் ஒண்ணுதான் வெளிய இருக்கு.

மகாராணியைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன்ல? போன வருஷம் எனக்குக் கடவாய்ப்பல் ஒண்ணு சொத்தையாகி, சீழ் வெச்சு, கன்னம் பந்து மாதிரி வீங்கிப் போச்சு. பல்லைப் பிடுங்கிட்டு, வாயில பஞ்சை அடக்கிக்கிட்டு வந்து படுத்திருக்கேன். சாயங்காலம் வந்தாரு. கட்டில் ஓரத்துல வந்து உக்காந்தாரு. கண்ணு ரெண்டும் கலங்கியிருக்கு. எனக்கு அப்படியே உருகிப் போச்சும்மா, சத்தியமா. கையைப் பிடிச்சாரு. பாவம் எவ்வளவு வலியைத் தாங்கியிருப்பான்னாரு. நான் பஞ்சு வாயோட, பரவால்லிங்க இப்ப கொறைஞ்சிருக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். தாடை எலும்புலயே ஓட்டை விழுந்திருக்கு, அந்தக் காலத்துல மருந்து ஏது மாயம் ஏதுன்னாரு. அப்பறம்தான் தெரியுது, வலி மகாராணிக்கு. வீங்கின கன்னத்துக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு, சதையே இல்லாத கன்னத்துக்கு அழுதாரு.

இன்னொண்ணு கேளு. ஒரு நாள் அவரோட சட்டைக்குப் பட்டன் தெச்சுக்கிட்டிருக்கேன். எதிர்ல உக்காந்து சொல்லிக்கிட்டே வராரு. மகாராணியோட முன்பல்லுல ஒரு சின்னப் பள்ளம் இருக்காம். வருஷக்கணக்கா நூலைப் பல்லுல வெச்சுக் கடிச்சிருக்கா, அதுல தேஞ்சதாம். ஒரு பொம்பளையோட ஆயுசு பூரா உழைப்பு ஒரு பல்லுல தெரியுது பாத்தியான்னாரு. அதுவும் அவ இடது கைக்காரியாம், தோள் எலும்பு அந்தப் பக்கம்தான் தடிச்சிருக்காம். நான் இடது கையால முடிச்சுப் போட்டு, நூலைக் கடிச்சுத் துப்பிட்டு, அப்படியான்னு கேட்டேன். ஆமாங்கறேன், நெனச்சுப் பாரேன், இந்த மாதிரி ஒருத்தி நம்ம முன்னாடி உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னாரு.

சட்டையைக் குடுத்தேன், போட்டுக்கிட்டுப் போனாரு.

உங்க ஆளுங்க எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான். கோவிச்சுக்காதே, நீ இன்னும் முழுசா ஆகலை. செத்தவங்களைப் புதைச்ச பானை ஒண்ணு கிடைச்சுதே, அதோட மூடி மேல ஒரு ஓட்டை இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஆவி போறதுக்குன்னு இவரு எழுத, கயிறு கட்டித் தொங்க விடறதுக்குன்னு அந்தச் சுருட்டைமுடிப் பேராசிரியர் எழுத, ரெண்டு பேரும் இன்னி வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அவரு பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நாங்க போகலை. ஒரு ஓட்டைக்காக. அந்தப் பானையை வனைஞ்சவனுக்குத் தெரிஞ்சா, ஓட்டையே வேணாம்டா சாமின்னு அடைச்சு விட்டிருப்பான்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். மனுஷன் பேச ஆரம்பிச்சா அந்த ஊரு எந்திரிச்சு நிக்கும். எனக்கு இந்தப் பாடத்துல பிடிச்சதே, ஒரு ஊரை ஜனங்க எப்படி விட்டுட்டுப் போனாங்கன்னு சொல்லுவாரு பாரு, அதுதான். உனக்குத் தெரியாததா? அடுப்பு மேல பானை பானையாவே இருக்கு, தரையில தோடு கிடக்குன்னா, ஓடிப் போயிருக்காங்க. வெள்ளமோ தீயோ சண்டையோ. நல்ல பாத்திரத்தை மண்ணுல குழி தோண்டிப் பத்திரமா ஒளிச்சு வெச்சிருந்தா, திரும்பி வரலாம்கிற நெனப்போட போயிருக்காங்க. ஓட்டை உடைசல் மட்டும் கிடக்கு, உருப்படியானது எதுவுமே இல்லைன்னா, அதுதான் பெரிய விஷயம்பாரு. அவசரப்படலை. கோவத்துல போகலை. வேணுங்கிறதை நின்னு நிதானமாப் பொறுக்கி எடுத்துக்கிட்டு, மத்ததை விட்டுட்டுப் போயிட்டாங்க. இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! சோத்தைப் போட்டுக்கிட்டே கேட்டிருக்கேன், துணி மடிச்சுக்கிட்டே கேட்டிருக்கேன். பரீட்சை வெச்சா உங்க எல்லாரையும் விட நான்தான் அதிகம் வாங்குவேன்.

மணியா? இதோ மேல பாக்குறியே, அங்க இல்லம்மா கடிகாரம். அந்த வட்டம் சுவத்துல இருந்த கடிகாரத்தோட தடம். சுத்தி இருக்கிற சுண்ணாம்பு பழுத்துப் போச்சு, அது மட்டும் வெள்ளையா இருக்கு பாரு.

எங்க போச்சா? அதுலதான் எல்லாமே ஆரம்பிச்சுது. ரிப்பேருக்குன்னு எடுத்துட்டுப் போனேன். வேற எந்த யோசனையும் இல்ல. அன்னிக்கு சாயங்காலம் வந்தாரு, அண்ணாந்து சுவத்தைப் பாத்தாரு. அந்த வெள்ளை வட்டத்தைப் பாத்தாரு. அப்பறம் கையைத் திருப்பி வாட்ச்சைப் பாத்தாரு. போய்க் கை கழுவினாரு. மறுநாளும் அதே கதை. அண்ணாந்து பாக்குறது, வாட்ச்சைப் பாக்குறது. கடிகாரம் எங்கன்னு ஒரு வார்த்தை வாயில வரலை. ரிப்பேர் ஆயிடுச்சுன்னு கடைக்காரரு போன் பண்ணினாரு. நான்தான் போய் வாங்கி, ஆபீஸ்லயே என் மேஜை மேல வெச்சுட்டேன். பாப்போமேன்னு ஒரு இது. விளையாட்டுத்தான்னு வெச்சுக்கோயேன்.

அப்பறம் சாப்பாட்டு மேஜையில என் நாற்காலியை எடுத்தேன். ஆமா, ரெண்டுதானே இருந்துச்சு, எதிரும் புதிருமா. அதுல ஒண்ணைத் தூக்கிட்டேன். நின்னுக்கிட்டே பரிமாறுறேன், நின்னுக்கிட்டே சாப்பிடறேன். அண்ணாந்து என்னைப் பாத்து, இப்ப இங்க நல்லா இடம் தாராளமா இருக்கேன்னாரு. மறுநாள் பாத்தா என் நாற்காலி இருந்த இடத்துல ஒரு தட்டு ஓடு. நான் எங்க எதை எடுத்தாலும் அங்க ஒரு தட்டு வந்துடும்மா. இடம் கிடைச்சுதேன்னு அவ்வளவு சந்தோஷம். நான் காலி பண்ணப் பண்ண மூவாயிரம் வருஷத்து ஆளுங்க குடி வந்துக்கிட்டே இருக்காங்க. நீ உக்காரப் போனியே, அது அவரோட நாற்காலி. இப்ப அதுலயும் ஆள் வந்தாச்சு. அவரு படுக்கையில உக்காந்து சாப்பிடறாரு.

அவருகிட்ட நேரா கேக்க வேண்டியதுதானேங்கறியா? எதைக் கேக்கச் சொல்றே? நான் இங்க இருக்கேனே, தெரியுதான்னா? பொண்ணு சாப்பிடலை, குழாய் ஒழுகுதுன்னா வாயால சொல்லலாம். இதை எப்படிம்மா சொல்றது? சொல்லித்தான் தெரியணும்னா, சொல்லிட்டா சரியாயிடும்னா, அப்பறம் என்ன இருக்கு? ஒரே ஒரு தடவை, இங்க ஒரு சாமான் இருந்துச்சே எங்கன்னு அவரு வாயால கேக்கட்டும், அன்னிக்கே எல்லாத்தையும் திரும்பக் கொண்டாந்து வெச்சுடறதுன்னு எனக்குள்ள ஒரு கணக்கு. பெருசா ஒண்ணும் கேக்கலை பாரு. மகாராணிக்குப் பாக்குற பார்வையில அரைக்கால் பங்கு.

தையல் மெஷின் போச்சு. என் புடவை பூரா போச்சு. ஜன்னல் ஓரம் இருந்த செடித்தொட்டி போச்சு. எல்லாம் பார்சல் ஆபீஸ் பின்னாடி, மாடியில ரெண்டு ரூம் காலியா இருந்துச்சு, அங்க. சும்மா கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கிறேன்னுதான் கேட்டேன். டிரைவர் அண்ணன் ஒவ்வொண்ணா கொண்டு போய்ச் சேத்தாரு. என்னம்மா வீடு மாத்தறீங்களான்னாரு. இல்லண்ணே, வெள்ளையடிக்கப் போறோம்னு சொல்லி வெச்சேன். வெள்ளையடிக்கிறதுக்கு யாராவது புடவையை மட்டும் வெளியே அனுப்புவாங்களா? அவரும் ஒண்ணும் கேட்டுக்கலை. ஆனா மறுநாள் எனக்கும் சேத்து டீ வாங்கியாந்தாரு. கேக்காம இருக்கிறதுலயும் ரெண்டு விதம் இருக்கும்மா.

பொண்ணுக்குத் தெரியுமான்னா, தெரியும். வேற ஊர்ல வேலையா இருக்கா. போன்ல வீடியோவுல பேசும்போதே, அம்மா உன் பின்னாடி மெஷின் எங்கன்னா. போன் திரைக்குள்ள, இத்தனூண்டு சதுரத்துல, அவளுக்குத் தெரிஞ்சுது. நான் சொன்னேன். அவ, பொம்மையை எடுத்துக்கிட்டியாம்மான்னு மட்டும் கேட்டா.

அது ஒரு கதை. அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது, அப்பா நம்மளைப் பாக்கவே மாட்டேங்கறாருன்னு, அவளோட துணிப் பொம்மையைக் கொல்லையில புதைச்சுட்டா. மூணு நாலு நாள் மழையில ஊறட்டும்னு விட்டுட்டு, அப்பறம் அவரு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி, அப்பா இங்க என்னமோ இருக்குன்னா. புத்தியைப் பாரு! அந்த மனுஷன் அன்னிக்கு பூரா மண்ணுல உக்காந்து அவளோட தோண்டினாரு. கயிறு கட்டி, கரண்டி குடுத்து, சல்லடையில சலிச்சு, எல்லாம் முறைப்படி. பொம்மை வெளியே வந்ததும் பிரஷ்ஷால தொடைச்சு, உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, இது யாரோடதா இருக்கும்னு கேட்டாரு. என்னோடதுப்பான்னா. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இந்த வீட்டுல நான் பாத்த நல்ல நாள்னா அதுதான். கெட்டவரா இருந்திருந்தா சுலபமா இருந்திருக்கும்மா.

எடுத்துக்கிட்டேன். நீ உக்காந்திருக்கியே, அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு பொம்மை.

கடைசியா பீரோ. என் முதல் சம்பளத்துல வாங்கினது, கண்ணாடி வெச்ச இரும்பு பீரோ. இதோ இந்தச் சுவத்துல, உனக்கு நேரா. ரெண்டு ஆளைக் கூட்டி இழுத்தோம். நாலு காலும் தரையில அப்படியே பள்ளம் போட்டிருந்துச்சு, இழுத்த கோடு வாசல் வரைக்கும். இது தெரியாம இருக்க முடியாதுல்ல? ஆளுயர பீரோ! சாயங்காலம் அவரு வந்தாரு. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு காதைத் தீட்டி வெச்சிருக்கேன். செருப்புச் சத்தம் வந்துச்சு. நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சும்மா. கேக்கப் போறாரு, கேட்டுட்டா என்ன சொல்றது, அழுதுடக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே நிக்கிறேன். கேட்டாரு. டார்ச் லைட் எங்கன்னு.

குடுத்தேன். தரையில குப்புறப் படுத்துக்கிட்டாரு. லைட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு, அந்தக் கறுப்பு வெள்ளை அளவுகோலைப் பக்கத்துல வெச்சு, படம் படமா எடுத்தாரு. ஆஹா, என்ன தெளிவு, என்ன தெளிவுன்னு ஒரே பூரிப்பு. எந்திரிச்சு முழங்காலைத் தட்டிக்கிட்டு, ரெண்டு நாளைக்கு இந்த இடத்தைப் பெருக்காதேன்னு சொல்லிட்டுப் போனாரு.

என்னம்மா, இப்ப சிரிப்பு வரலையா? நான் சிரிச்சேன். அடுப்பை அணைச்சுட்டு, அடுப்பு மேடையில கையை ஊனிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். பக்கத்து வீட்டம்மா என்னன்னு எட்டிப் பாத்தாங்க.

அப்பறம் உங்க காலேஜ் ஹால்ல சாரோட அந்தப் பேச்சு. தரை பேசும்னு என்னமோ தலைப்பு. கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டாருன்னு அதைக் குடுக்க வந்தவ, கடைசி வரிசையில உக்காந்துட்டேன். முன்னாடி சிறப்பு விருந்தினர், தங்கம் ஏதாவது கிடைச்சுதான்னு கேட்டுட்டு, இல்லைன்னதும் கொட்டாவி விட்டுக்கிட்டிருந்தாரு. ஒரு படம், ரெண்டு படம், குழி, மண்ணு, எலும்பு. அடுத்த படம், எங்க வீட்டு ஹால்! அந்த நாலு பள்ளம், அந்தக் கோடு, சினிமா மாதிரி அத்தாம்பெருசா. என் உடுப்பையே யாரோ சுவத்துல மாட்டி லைட் போட்ட மாதிரி இருந்துச்சு.

இங்க என்ன நடந்திருக்கு, யாராவது சொல்லுங்க பாப்போம்னாரு. மூணாவது வரிசையில ஒரு பொண்ணு எந்திரிச்சா. பின்னாடியிருந்து பாக்க ஜடைதான் தெரியுது. ஆனா குரல் நல்லாக் கேட்டுச்சு. சார், இங்க இருந்தவங்க ஓடிப் போகலை. யோசிச்சு, நிதானமா, தனக்குச் சொந்தமானதை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்காங்க. எல்லாரும் போகலை, ஒருத்தர்தான் போறாங்க. ஏன்னா அந்தக் கோட்டு மேலயே ஒரு ஆம்பளைச் செருப்புத் தடம் புதுசா நடந்து போயிருக்கு, அவரு இங்கயேதான் இருக்காருன்னா. இவரு மேடையிலேயே கை தட்டினாரு. நூத்துக்கு நூறுன்னாரு. சரி, போனவங்க திரும்பி வருவாங்களான்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு கொஞ்சம் யோசிச்சா. எதையாவது ஒளிச்சு வெச்சுட்டுப் போயிருந்தா வருவாங்க சார், இந்தப் படத்துல அப்படி எதுவும் தெரியலை, வரமாட்டாங்கன்னா.

பிரமாதம்னாரு. அப்பறம், இது எந்த ஊருன்னு யோசிக்கிறீங்களா, எங்க வீடுதான், வீட்டுல ஒட்டடை அடிக்கிறாங்கன்னாரு. ஹாலே அதிர்ந்துச்சு. சிறப்பு விருந்தினர்கூட முழிச்சுக்கிட்டு சிரிச்சாரு. எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தா நல்லா இருக்காதேன்னு நானும் சிரிச்சேன். அந்தப் பொண்ணு மட்டும் உக்காரவே இல்ல. நின்னுக்கிட்டு அந்தப் படத்தையே பாத்துக்கிட்டிருந்தா.

வண்டிச் சத்தம் கேக்குதுல்ல? அண்ணன்தான். எந்திரிம்மா, கொஞ்சம் எந்திரி, அந்தப் பெட்டியும் போகணும். அதுதான் கடைசி. அந்தப் பக்கத்துக் காதை நீ பிடிச்சுக்கோ, வாசல் வரைக்கும் வந்தா போதும். கனமில்ல, சுலபமாத் தூக்கிடலாம்.

அடப் பாவமே, அழறியா? காலையில போன்ல உன் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுதும்மா. மலருக்காக மட்டும் நீ வரலை. சரியாச் சொல்லிட்டோமோன்னு பயந்துக்கிட்டு வந்திருக்கே. சரியாத்தான் சொன்னே. இதுல மன்னிப்பு கேக்க என்ன இருக்கு? நீ என்ன என்னை வீட்டை விட்டு அனுப்பினியா? அந்த நிமிஷம் வரைக்கும் நான் விளையாடறேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். போறேன்னு எனக்கே தெரியாது. நீ எந்திரிச்சு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாருகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். சாவி ஜன்னல் மேல இருக்கு. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், அதுவாவது கண்ணுல படும். மலர்ல என்ன போடறதா? அந்த நிழலையே போடு, பொய்யில்லன்னு சொன்னேனே.

ஆங், படி இருக்கு, பாத்து. இப்படிச் சாய்ச்சுக்கோ. கேளு, கேளு, மனசுல வெச்சுக்கிட்டு முழுங்காதே.

எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கேனான்னா? எனக்கும் அந்த நெனப்பு இருந்துச்சும்மா. அலமாரிக்குப் பின்னாடி, அரிசி டப்பாவுக்குள்ள, கொல்லையில பொம்மை இருந்த குழியைக்கூடக் கிளறிப் பாத்துட்டேன். ரெண்டு வாட்டி தேடிட்டேன். ஒண்ணுமே இல்ல.